லண்டன் நேரத்தில் பிறந்த பிள்ளை

தான் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறோம் என்று நிலாவுக்கே சந்தேகம் வந்துவிட்டால், அது நேராக நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, துலுக்கானத்தின் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மறுபடி வானத்துக்குப் போகும். சனி பகவான் பெயர்ச்சி ஆவதற்கு முன்னால் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். செவ்வாய்க்கு ராக்கெட் விடுகிறவர்கள் ஒரு நடை இங்கே வந்து வழி கேட்டிருந்தால் பாதி டீசல் மிச்சமாகியிருக்கும். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இப்படி ஒரு ஆள் கிடையாது. இனிமேல் எவனாவது பிறந்தாலும் அவனுக்கு ஜாதகம் எழுத துலுக்கானம்தான் வேண்டும்.

இதில் ஒரே ஒரு குறை. துலுக்கானத்துக்கு ஜோசியம் தெரியாது.

அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலில் இப்போது லிஃப்ட் வைத்த ஃபிளாட் நிற்கிறது. துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் பார்த்தார். கம்பெனியை இழுத்து மூடிய வருஷம், கையில் கிடைத்ததை வைத்து ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜாதக சாஃப்ட்வேரும் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டு, ‘துலுக்கானம் கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு மாட்டினார். பெயர், ஊர், நேரம் அடித்தால் பொட்டி கட்டம் போட்டுக் கொடுக்கும். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்துப் படிப்பார். அந்தக் குரலுக்குத்தான் கூட்டம். “குரு பார்க்கிறார்” என்று அவர் சொன்னால், வந்தவர்கள் வாசலில் யாரோ நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய ஸ்பெஷல் பச்சைக் குழந்தை ஜாதகம். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டும், நர்ஸ் கையில் கட்டியது இன்னொரு நேரம் காட்டும், டாக்டர் எழுதுவது மூன்றாவதாக ஒரு நேரம். இந்த வம்பே வேண்டாம் என்று துலுக்கானம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும், வெளியே நிற்கிறவர் அவருக்கு போன் போட வேண்டும். அவர் உடனே ‘புது ஜாதகம்’ என்பதை அழுத்துவார். அந்த நிமிஷத்தின் தேதியையும் நேரத்தையும் பொட்டி தானே எடுத்துக்கொள்ளும். குழந்தையைத் துடைத்து வெளியே கொண்டுவருவதற்குள் நட்சத்திரம் போனில் வந்துவிடும். அச்சடித்துத் தருகிற தாளில் மணி, நிமிஷம் எதுவும் இருக்காது. சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுகிற பழைய நாழிகைக் கணக்குதான் இருக்கும். அதுதான் பார்க்க கௌரவமாக இருக்கிறது என்று அவரே அப்படி வைத்திருந்தார். வாங்குகிறவருக்கும் அது புரியாது, கொடுக்கிறவருக்கும் புரியாது, யாருக்கும் சண்டை இல்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் விஷால் வந்து நுழைந்தான். ஃபிளாட்டில் குடியிருக்கும் ஐ.டி. பையன், ஈரோட்டுப் பக்கம். தங்கச்சி கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வந்தவன், பொருத்தத்தைப் பார்த்துக்கொண்டு போகக்கூடாதா? பொட்டியைப் பார்த்தான். அதில் இருந்தது ரொம்பப் பழைய விண்டோஸ், அதுவும் திருட்டு சிடியில் ஏற்றியது. நெட்டைத் திறந்தால் ஒரு பொம்பளை குதித்து வந்து, நீங்கள் பரிசு ஜெயித்துவிட்டீர்கள் என்பாள். விஷால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இதெல்லாம் அடிமைத்தனம் என்று ஆரம்பித்தான். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, சுத்தமாக இலவசம், வைரஸ் வராது, உலகம் பூராவும் இருக்கும் நல்லவர்கள் ஒன்றுசேர்ந்து எழுதியது, அது மென்பொருள் இல்லை அங்கிள், சுதந்திரம் என்றான்.

துலுக்கானம் யாரிடமும் சுதந்திரம் கேட்கவில்லை. அந்தப் பரிசுப் பொம்பளை ஒழிந்தால் போதும் என்று தலையை ஆட்டிவிட்டார். தப்பு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விஷால் வந்து சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பிரிண்டர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. போன் போட்டால், பிரிண்டர் கம்பெனிக்காரர்கள் இதற்கு வேண்டியதைச் செய்து தரவில்லை, லினக்ஸ் மேல் தப்பில்லை என்றான். பழைய ஃபாண்டில் அடித்து வைத்திருந்த நோட்டீஸைத் திறந்தால், தமிழ் போய் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் ஒன்றையொன்று கட்டிப்புரண்டு கிடந்தன. அது ஃபாண்டின் தப்பாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஜாதக சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. அதற்குப் பொட்டியின் பின்னால் பென் டிரைவ் மாதிரி ஒரு பூட்டுக் குச்சி செருகியிருக்க வேண்டும். அந்தக் குச்சியை இந்தச் சுதந்திரத்துக்கு யாரென்றே தெரியவில்லை. விற்றவனோ எப்போதோ கடையைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான். ஆகவே அது விற்றவன் தப்பு.

துலுக்கானத்தின் சம்சாரம் பேபி, இத்தனையையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், எல்லாத் தப்பையும் அடுத்தவன் தலையில் கட்டுகிற மருமகள் வந்தால் எந்த ஊடு உருப்படும் என்றாள்.

ஆவடியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரன் ஆன் செய்து பார்த்துவிட்டு, சூடுபட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டான். இது நமக்கு வேணாம் அண்ணாத்தே, யாரு போட்டாங்களோ அவங்ககிட்டயே போ என்றான். இன்னும் இரண்டு கடையிலும் அதே பதில். உலகம் பூராவும் இருக்கும் நல்லவர்களில் ஒருத்தன்கூட ஆவடியில் இல்லை போலிருக்கிறது.

கடைசியில் விஷால் ஒரு சமரசம் செய்தான். ஒரே பொட்டிக்குள் இரண்டு குடித்தனம், லினக்ஸ் புது வீடு, விண்டோஸ் பழைய வீடு. நெட்டு, மெயில், பாட்டு எல்லாம் புது வீட்டில். ஜாதகமும் பிரிண்டும் பழைய வீட்டில். பழசுக்கு நெட் கொடுத்தால் வைரஸ் வரும் என்று அதை மட்டும் பிடுங்கிவிட்டான். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில், எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்கும். பேபி அதைப் பார்த்துவிட்டு, ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இப்படித் தெனமும் வாசல்ல நின்னு பதில் சொல்ல மாட்டான் என்றாள்.

புது வீட்டில் மணி திரையின் மேலே தெரியும். சரியாகத்தான் இருக்கும். பழைய வீட்டில் கீழே வலது மூலையில் தெரியும். ஆனால் அந்த மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட தவளை ஸ்டிக்கர் ஒன்றை யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். துலுக்கானம் அதைப் பிய்க்கவில்லை. தவளை வந்த நேரம் நாலு பேர் கூடுதலாக வந்தார்கள், ராசிதான் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரத்தில்தான் வெற்றிச்செல்வனின் போன் வந்தது. வெற்றிச்செல்வன் பக்கத்துத் தெருக்காரன், திருமழிசையில் மெஷின் செய்கிற ஒரு யூனிட்டில் ஃபிட்டர். அப்பா அம்மா போனபிறகு அவனுக்கு இருந்தது ஜெயப்பிரியா என்ற தங்கச்சி ஒருத்தி. அவளுக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பியதிலிருந்து, கொரட்டூரில் ஒரு நல்ல வீடாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் அவன்தான். பிரசவத்தன்று நைட் ஷிஃப்ட் முடித்த சட்டையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தான். காலை டிபன் நேரம் முடிந்து பத்து மணி சுமாருக்கு உள்ளே ஒரு அழுகை கேட்டது. அவன் முதலில் செய்தது துலுக்கானத்துக்கு போன் போட்டதுதான்.

துலுக்கானம் பழைய வீட்டைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தார். அழுத்தினார். ரோகிணி என்று வந்தது. என்ன குழந்தை என்று கேட்டார். ஆம்பளைப் பிள்ளை என்றான். ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று இந்தப் பக்கத்தில் பால்காரருக்குக்கூடத் தெரியும். ஜெயப்பிரியாவின் மாமியார் கமலம் தனக்கும் கேட்க வேண்டும் என்று போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தாள். துலுக்கானம் குரலை எடுத்தார். மாமன் மூன்று மாதம் பிள்ளை முகத்தைப் பார்க்கக்கூடாது, அதற்குப் பிறகு கிண்ணத்தில் நல்லெண்ணெய் வைத்து, எண்ணெயில் தெரிகிற முகத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் நேரில் பார்க்க வேண்டும் என்றார். எண்ணெய் ஊரில் உள்ள வழக்கம். மூன்று மாதம் பொட்டியில் இல்லை, எந்த வழக்கத்திலும் இல்லை. குரல் ஏறிவிட்டால் துலுக்கானத்துக்கு இறக்கத் தெரியாது.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது, கமலம் வெற்றிச்செல்வனின் இரண்டு தோளையும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் எல்லோரும், மூக்கு யாரைப்போல் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து கொரட்டூர் போவான். கேட்டுக்கு வெளியே நின்று குட்டிச் சட்டை, கொசுவலை, கிலுகிலுப்பை என்று எதையாவது நீட்டுவான். உள்ளே அழுகிற சத்தம் கேட்டால் கேட்டுக்கொண்டு வந்துவிடுவான். இந்த லட்சணத்தில் அவன் கம்பெனி, குஜராத்தில் மெஷின் மாட்டப் போக வேண்டும், வர ஒரு வருஷம் ஆகும் என்றது. ரயில் ஏற வேண்டிய அன்று காலையில் அவன் துலுக்கானத்தின் கடைக்கு வந்து, வேறு ஏதாவது வழி இருக்கிறதா மாமா என்று கேட்டான். நட்சத்திரத்துக்கு ரெக்கமண்டேஷன் கெடையாது நைனா என்று துலுக்கானம் அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டு, வைத்த டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பேபி ஈரத்துணியோடு வந்து மேஜை, சாமி படம், மானிட்டர் என்று எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தாள். தவளை கையோடு வந்துவிட்டது. அவள் மூலையைப் பார்த்தாள்.

“இன்னாயா, உம் பொட்டி இன்னும் பல்லே வெளக்கல போல கீது. காலீல ஆறரைன்னு காட்டுது.”

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

துலுக்கானம் எழுந்து போய்க் குழந்தையின் ஜாதக நகலை எடுத்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நாழிகைக் கணக்கை விரல்விட்டு எண்ணினார். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை. தாளில் ஐம்பத்தாறு சொச்சம் என்று இருந்தது. அப்படியென்றால் விடிவதற்குக் கொஞ்சம் முந்தி. ஊரே டிபன் சாப்பிட்ட பிறகு பிறந்த பிள்ளையை, சேவல் கூவுவதற்கு முன்னால் பிறக்க வைத்திருக்கிறது பொட்டி. சரியான நேரத்தைக் கையால் அடித்துப் பார்த்தார். மிருகசீரிடம் என்று வந்தது. மாமனுக்கு ஒரு தோஷமும் இல்லை. மாமன் பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம்.

விஷாலுக்கு போன் போட்டார். விஷால் மீட்டிங்கில் இருந்து ரகசியக் குரலில் பேசினான். அது ஒன்றும் இல்லை அங்கிள் என்றுதான் ஆரம்பித்தான். பொட்டிக்குள் ஒரு சின்ன கடிகாரம் உண்டாம். பழைய விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்குமாம். லினக்ஸ் அதில் லண்டன் பக்கத்து நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டிக் காட்டுமாம். லினக்ஸ் எழுதி வைத்ததை விண்டோஸ் திறந்து பார்த்தால், அதையே நம் ஊர் நேரம் என்று நம்பிவிடுமாம். ரெண்டுமே அவங்கவங்க முறைப்படி கரெக்ட்தான் அங்கிள், ஒரே ஒரு வரி மாற்றினால் போதும், நெட்டில் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் என்றான்.

“ரெண்டும் கரெக்டா? அப்ப புள்ளதான் தப்பான நேரத்துல பொறந்துச்சா? எல்லாருக்கும் தெரிஞ்சத என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா உன் வாயி தேஞ்சா பூடும்? காசு குடுத்து வாங்கியிருந்தா கடக்காரன் சட்டையப் புடிச்சி உலுக்கியிருப்பேன். நீ இனாமாக் குடுத்துகீற. உன் சட்டைய நா எப்படிப்பா புடிக்கிறது?”

விஷால் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். வெற்றிச்செல்வனின் ரயிலோ இந்த வெள்ளிக்கிழமை சாயந்திரமே.

பேபி ஒரு வழி சொன்னாள். பரிகாரம் பண்ணிட்டேன், தோஷம் போச்சுன்னு கமலத்துக்கு ஒரு போனைப் போடு, மாமன் புள்ளயப் பாத்துட்டுப் போவட்டும், கட மானமும் நிக்கும் என்றாள். நல்ல வழிதான். துலுக்கானம் சட்டையை மாட்டிக்கொண்டு லோக்கல் ரயில் ஏறியபோதுகூட அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். அண்ணனூர் தாண்டும்போதுதான் அது உறைத்தது. தோஷம் போச்சு என்று சொன்னாலும் ரோகிணி போகாது. நாளைக்கு அந்த மாமனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், விரலில் ஒரு சுத்தியல் பட்டாலும், எல்லோரும் அந்தப் பிள்ளையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் வளர்ந்து மீசை முளைத்த பிறகும் பார்ப்பார்கள். எவனோ லண்டன் நேரத்தை எழுதி வைத்ததற்கு, கொரட்டூரில் ஒரு பிள்ளை காலம் பூராவும் பதில் சொல்ல வேண்டுமா? ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். துலுக்கானம் வாய்விட்டே திட்டிக்கொண்டிருந்தார் போல.

கொரட்டூரில் வெற்றிச்செல்வன் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான், புதுச் சட்டையும் பெரிய பையுமாக. போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வந்தவன். துலுக்கானம் அவனைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

கமலம் அவ்வளவு லேசில் விடுகிற ஆளில்லை. அன்றைக்கு ரோகிணி, இன்றைக்கு மிருகசீரிடமா, வாசலில் நிற்கிறவன் உன்னைச் சரிக்கட்டிக் கூட்டிவந்தானா என்று கேட்டாள். துலுக்கானம் பொட்டிக்குள் இருக்கிற கடிகாரத்தைச் சொன்னார், இரண்டு குடித்தனத்தைச் சொன்னார், லண்டனைச் சொன்னார்.

“அப்ப எங்க ஊட்டுப் புள்ள லண்டன் நேரத்துலயா பொறந்துச்சு?”

“பொறந்தது கொரட்டூர் நேரத்துலதான் யக்கா. எழுதுனதுதான் லண்டன் நேரத்துல.”

கமலம் உள்ளே போய் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து பார்த்தாள். காலை பத்து பத்து என்று இருந்தது. சீட்டை மடித்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்ப இத்தினி வருசமா நீ ஆவேசமாச் சொன்னதெல்லாம் அந்தப் பொட்டி சொன்னதா?”

துலுக்கானத்துக்குக் குரல் அடிவயிற்றிலிருந்து வரவில்லை. எல்லாரையும்போலத் தொண்டையிலிருந்துதான் வந்தது.

“பொட்டி சொல்லும், நா படிப்பேன். அந்த மூணு மாசம் மட்டும் நானே சொன்னது யக்கா. அது எதுலயும் இல்ல.”

இதற்குள் ஜெயப்பிரியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்துவிட்டாள். மாமியாரைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நேராக வாசலுக்குப் போனாள். கமலம், எதுக்கும் ஒரு தடவ எண்ணெயில பாத்துடட்டும்டி என்று கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினாள். வெற்றிச்செல்வன் குனிந்து எண்ணெயைப் பார்த்தான். அதில் முகம் தெரிந்ததோ இல்லையோ, பிள்ளை ஒரு உதை விட்டது. கிண்ணம் கவிழ்ந்து, புதுச் சட்டை பட்டனிலிருந்து கீழ்வரைக்கும் எண்ணெய். அவன் துடைக்கவில்லை. இரண்டு கையும் பிள்ளையிடம் இருந்தன. வேற சட்ட போட்டுக்க அண்ணே என்றாள் ஜெயப்பிரியா. வேணாம், இருக்கட்டும் என்றான். அந்தச் சட்டையோடுதான் குஜராத்துக்கு ரயில் ஏறினான்.

கமலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கொரட்டூர் ஏரிக்கரையில் நடை போகிறவர்கள் வரைக்கும் விஷயம் போய்விட்டது. கடையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. சுதந்திரம் வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேறு குழந்தைகளுக்கும் ஜாதகம் போயிருந்தது. துலுக்கானம் ஒவ்வொரு வீடாக அவரே நடந்து போய், பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார். எல்லா வீட்டிலும் திட்டினார்கள். ஒரு வீட்டில் மட்டும் மோர் கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். உலகம் பூராவும் இருக்கும் நல்லவர்களில் ஒருத்தனும் அந்த வெயிலில் அவரோடு நடக்கவில்லை.

விஷால் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தான். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தான். அவ்வளவுதான், முடிந்தது என்றான். வந்த வேலை முடிந்தும் அவன் போகவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, எங்க தங்கச்சி பொருத்தம் எந்த நேரத்துல பாத்தது அங்கிள் என்று மெல்லக் கேட்டான். துலுக்கானம் தாளை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், பெருமூச்சு விட்டார், தாளைத் திருப்பிப் பார்த்தார். விஷாலுக்கு நெற்றியில் வேர்த்தது. டீ முழுக்கக் காலியான பிறகுதான் சொன்னார்.

“அது நீ சொதந்திரம் குடுக்கறதுக்கு முன்னாடி பாத்தது. கரெக்டா கீது, போ.”

இப்போது மானிட்டருக்கு மேலே ஒரு நகைக்கடை கடிகாரம் தொங்குகிறது. போன் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறார். குரலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குரு பார்க்கிறார் என்றால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை எழுதியவன், தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று துலுக்கானத்திடமே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். நிலா நெமிலிச்சேரியில் இறங்குகிற இடத்தில் சிரிக்கவில்லை. ஜோசியம் தெரியாது என்ற இடத்தில் கோபப்படவும் இல்லை. நடுவில் ஒரு இடம் வந்ததும் நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“தவளய ‘யாரோ’ ஒட்டுனாங்கன்னு எழுதிகீற. ஃபேனுக்குக் கீழ குந்திகினு, பபிள்கம் கவர்ல இருந்து நீ அத உரிச்சப்ப நா உள்ளதான் இருந்தேன். அந்த ‘யாரோ’வ அடிச்சிட்டு, பேரப் போடு நைனா.”